கரும்படிகம் பொன்னாகும் அழுத்தம்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்

ஒரு திண்மப் பொருளின் இயல்பை மாற்றிப் பார்க்க விரும்பும் இயற்பியலாருக்கு மூன்று வழிகள் உண்டு. அதனைச் சூடாக்கலாம் அல்லது குளிர்விக்கலாம், காந்தப்புலத்தில் வைக்கலாம், அமுக்கிப் பார்க்கலாம். முதல் இரண்டுக்கும் நம் பாடத்திட்டத்தில் தாராளமாக இடம் தந்திருக்கிறார்கள். மூன்றாவது மட்டும் பாயில் விதியோடும் பாஸ்கல் விதியோடும் நின்றுவிடுகிறது. வளிமத்தை அமுக்கினால் பருமன் குறையும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். திண்மத்தை அமுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. ஆனால் அங்கேதான் விந்தைகள் நிகழ்கின்றன. காப்பான் கடத்தியாகிறது, இல்லாத காந்தம் தோன்றுகிறது, இருந்த காந்தம் மறைகிறது. இன்று உலகெங்கும் பேசப்படும் 'காந்த இடத்தியல் பொருள்கள்' இந்த விந்தைகளுக்குப் பெயர் பெற்றவை. அவற்றை அழுத்தம் என்ன செய்கிறது என்பதை நம் மொழியில், நமக்குத் தெரிந்த இயற்பியலைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழில் வோல்ட்டில் அளப்பதையும் 'மின்னழுத்தம்' என்கிறோம். இங்கே அழுத்தம் என்பது அதுவன்று. பரப்பின் மீது செயற்படும் விசை, அஃதாவது கையால் அமுக்கும் அழுத்தமே.

அளவைப் பார்ப்போம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு வளிமண்டலம். என் தந்தையார் பழைய மகாபலிபுரம் சாலையோரம் பங்க்சர் கடை வைத்திருக்கிறார். லாரி டயருக்கு அவர் அடிக்கும் காற்று 110 பவுண்டு. ஏறத்தாழ ஏழரை வளிமண்டலம். கடலின் மிக ஆழமான இடமாகிய மரியானா அகழியின் அடியில் சுமார் 1,100 வளிமண்டலம். நாம் பேசப்போகும் அளவோ ஜிகாபாஸ்கல். ஒரு ஜிகாபாஸ்கல் என்பது ஏறத்தாழ 10,000 வளிமண்டலம். பூமியின் நடுமையத்தில் இது 360 ஜிகாபாஸ்கல் வரை போகிறது.

இவ்வளவு பெரிய அழுத்தத்தை மேசைமேல் உண்டாக்க முடியுமா? முடியும், அதற்குப் பெரிய ஆலையும் வேண்டியதில்லை. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. விசையைக் கூட்டுவது கடினமென்றால் பரப்பைக் குறைத்துவிடலாம். 1958இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் வெயர், வான் வால்கன்பர்க் முதலியோர் செய்தது இதுதான். இரண்டு வைரங்களின் முனைகளைச் சிறிது தட்டையாக்கி, எதிரெதிரே வைத்து, நடுவில் பொருளை வைத்துத் திருகினார்கள். உலகிலேயே கடினமான பொருள் வைரம். ஒளியையும் உள்ளே விடும். கடத்தல்காரர்களிடமிருந்து அரசு பறிமுதல் செய்த வைரங்கள் அந்த ஆய்வுக்குப் பயன்பட்டன என்பது சுவையான செய்தி. ஆய்வுக்கூடத்துக்குப் பணம் இல்லையே என்று வருந்துவோருக்கு இது ஆறுதலாக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வைர முனையின் விட்டம் அரை மில்லிமீட்டர் எனக் கொள்வோம். பரப்பு சுமார் 0.196 சதுர மில்லிமீட்டர். இதன்மேல் 25 கிலோ அரிசிச் சிப்பம் எட்டை அடுக்கினால், அதாவது 200 கிலோ எடை வைத்தால், கிடைக்கும் அழுத்தம் 10 ஜிகாபாஸ்கல்! எட்டுச் சிப்பம் அரிசி எந்த ரேஷன் கடையிலும் இருக்கிறது. பூமிக்கு அடியில் சுமார் 300 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம் அதில் ஒளிந்திருக்கிறது.

உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளப்பது அடுத்த தொல்லை. இதற்கு 1972இல் ஒரு நல்ல வழி கண்டார்கள். பொருளோடு சேர்த்து ஒரு சிறு மாணிக்கத் துணுக்கையும் உள்ளே வைத்துவிடுவார்கள். லேசர் ஒளி பட்டதும் மாணிக்கம் 694 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிரும். அழுத்தம் ஒரு ஜிகாபாஸ்கல் கூடினால் இந்த அலைநீளம் சுமார் 0.365 நானோமீட்டர் கூடும். ஆக, அமுக்குவது வைரம், அளப்பது மாணிக்கம். நவரத்தினத்தில் இரண்டை இயற்பியலார் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தத் துறையில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அவர் ஐயாசாமி ஜெயராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. ராமனிடம், பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் 1950களில் பணிபுரிந்தவர். லாப்ரடோரைட், ஓப்பல் முதலிய கற்கள் ஏன் பலநிறம் காட்டுகின்றன என்பதைக் குருவும் சீடரும் சேர்ந்து ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். பின்னர் ஜெயராமன் அமெரிக்கா சென்று, பெல் ஆய்வுக்கூடத்தில் உயர் அழுத்த இயற்பியலின் முன்னோடிகளுள் ஒருவரானார். வைர அமுக்கி பற்றி 1983இல் அவர் எழுதிய நெடுங்கட்டுரை அத்துறையினர் அனைவரும் படித்த ஒன்று. ராமனைப் பற்றி ஒரு நினைவு நூலும் 1989இல் எழுதினார்.

1970இல் ஜெயராமனும் நாராயணமூர்த்தி, பூக்கர், மெயின்ஸ் ஆகிய மூவரும் சமாரியம் சல்பைடு என்னும் படிகத்தை அமுக்கினார்கள். சாதாரண நிலையில் அது கருநிறக் குறைகடத்தி. அழுத்தம் 0.65 ஜிகாபாஸ்கலைத் தொட்டதும் மின்தடை திடீரெனச் சரிந்தது. படிகம் உலோகமாயிற்று, கருமை போய்ப் பொன்னிறம் வந்தது. பொன்முலாம் பூசியது போலன்று, அதுவே பொன்னிறமாயிற்று. அணுக்களின் அடுக்கு மாறவில்லை. உப்புப் படிகத்தின் அதே அடுக்குத்தான் முன்னும் பின்னும். ஆனால் அடுக்கின் அலகு நீளம் மட்டும் சுமார் 5.97 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 5.70 ஆகச் சுருங்கியது. இந்தக் கரும்படிகத்தின் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினாலே போதும், தேய்த்த இடம் பொன்னாகிவிடும். சூடாக்கினால் மறுபடி கறுக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினாலும் கருநிறம் திரும்பும். ஆனால் ஏறிய இடத்தில் இறங்காது, அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் திரும்பும். நமக்குத் தெரிந்த காந்தத் தயக்கம் போன்றதே இது.

0.65 ஜிகாபாஸ்கல் என்பது டயர்க்கடைக் கணக்கில் 94,000 பவுண்டு. இதை என் தந்தையாரிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிப்பு முடிந்ததும் சிப்காட்டில் ஒரு வேலை கிடைத்தால் போதுமென்று உறவினர் அனைவரும் சொல்வர். தந்தையார் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் நான் படிப்பது எதற்கு உதவும் என்பது அவருக்கும் விளங்கவில்லை. அவர் ஜாக்கியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "அமுக்கினா கல்லு உடையும், இல்லன்னா உடையாது. நிறம் எதுக்குப்பா மாறணும்?" இதைவிடச் சரியான வினாவை எந்தத் தேர்வுத் தாளிலும் நான் காணவில்லை. எனவே இதற்கு விடையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சமாரியத்தின் அணு எண் 62. சாதாரண அழுத்தத்தில் சல்பைடில் உள்ள சமாரியம் இரண்டு எலெக்ட்ரான்களைக் கந்தகத்துக்குக் கொடுத்திருக்கிறது. மீதியில் ஆறு எலெக்ட்ரான்கள் 4எஃப் என்னும் உள்கூட்டில் இருக்கின்றன. அதற்குச் சற்று மேலே, வெறுமையாக, 5டி என்னும் பட்டை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள ஆற்றல் இடைவெளி 0.1 முதல் 0.2 எலெக்ட்ரான் வோல்ட் வரைதான். சிலிக்கானில் இந்த இடைவெளி 1.1. எவ்வளவு சிறிது, பாருங்கள்!

4எஃப் எலெக்ட்ரான் அணுவின் உள்ளறையில் இருக்கும் பாட்டியைப் போன்றது; தெருவில் என்ன சண்டை நடந்தாலும் அதற்குத் தெரியாது. 5டி நிலையோ திண்ணையில் உட்கார்ந்திருப்பது. அடுத்த வீட்டுக்காரர் நெருங்கி வந்தால் உடனே உணரும். படிகத்தை அமுக்கும்போது கந்தக அணுக்கள் நெருங்குகின்றன. 5டி பட்டை விரிந்து, அதன் கீழ்விளிம்பு தாழ்கிறது. 4எஃப் நிலை ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் உள்ளறை எலெக்ட்ரான் திண்ணைக்கு வந்துவிடுகிறது. திண்ணையில் இருப்பது படிகம் முழுதும் உலவக்கூடியது. எனவே மின்கடத்தும் தன்மை வந்தது.

இங்கே ஒரு சங்கிலி தொடங்குகிறது. உள்கூட்டில் ஆறுக்குப் பதில் ஐந்து எலெக்ட்ரான் உள்ள சமாரிய அயனி உருவில் சிறியது. அது சிறுத்தால் படிகம் மேலும் சுருங்கும்; சுருங்கினால் 5டி மேலும் தாழும்; தாழ்ந்தால் மேலும் எலெக்ட்ரான்கள் வெளிவரும். இதனால்தான் மாற்றம் படிப்படியாக நிகழாமல் சரிவாக நிகழ்கிறது. கந்தகத்துக்குப் பதில் செலீனியமோ டெல்லூரியமோ இருந்தால் இடைவெளி பெரிது. அங்கே அதே மாற்றம் மெதுவாக, சீராக நடைபெறுகிறது. இதையும் ஜெயராமன் குழுவினர் அதே 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார்கள். இனி நிறம். உலவும் எலெக்ட்ரான்கள் பெருகியபின் படிகம் சிவப்பு, மஞ்சள் ஒளியைத் திருப்பி அனுப்பும். நீலத்தை அவ்வளவாக அனுப்பாது. எனவே பொன்னிறம். தந்தையார் கேட்டதற்கு விடை இதுவே: அமுக்கியதில் கல் உடையவில்லை; கல்லுக்குள் எலெக்ட்ரான் அறை மாறியது.

காந்தம் இதில் எங்கே வந்தது எனலாம். ஆறு எஃப் எலெக்ட்ரான் கொண்ட சமாரிய அயனியின் மொத்தக் கோண உந்தம் தரைநிலையில் சுழி. காந்தத் திருப்புத்திறன் இல்லை. ஐந்து கொண்டது காந்தமுள்ளது. பொன்னிறக் கட்டத்தில் ஒவ்வோர் அயனியும் இந்த இரு நிலைகளுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. மேலும் அமுக்கி 2 ஜிகாபாஸ்கல் அளவுக்குக் கொண்டுபோனால், தாழ்ந்த வெப்பநிலையில் காந்த ஒழுங்கு தோன்றுகிறது என 2004இல் கண்டறிந்தார்கள். ஆக, ஒரே படிகம். திருகைத் திருகத் திருக, குறைகடத்தி, பொன்னிற ஊசல்நிலை, காந்த உலோகம்.

இனி இடத்தியலுக்கு வருவோம். இச்சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். கைலி மூட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். துணியின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தையற்காரர் ஓட்டிவிடுவார். அப்போது கவனக்குறைவாய் ஒரு திருப்பு விழுந்துவிட்டால், அந்தக் கைலியை எப்படி இழுத்தாலும், மடித்தாலும், கசக்கினாலும் திருப்புப் போகாது. தையலைப் பிரித்தால்தான் போகும். இழுத்தாலும் கசக்கினாலும் மாறாத இத்தகைய பண்புகளை ஆராயும் கணிதமே இடத்தியல். படிகத்தின் ஆற்றல் பட்டைகளிலும் இத்தகைய திருப்பு விழலாம். பட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளியே இங்கே தையல். இடைவெளி மூடித் திறந்தாலன்றித் திருப்பு விழாது. விழுந்த திருப்பும் போகாது.

திருப்புள்ள படிகம் ஓர் இடத்தில் முடிந்துதானே ஆக வேண்டும்? அதற்கு வெளியே இருப்பது காற்று; காற்றில் திருப்பு இல்லை. எனவே படிகத்தின் மேற்பரப்பில் தையல் பிரிந்தே தீர வேண்டும். அதாவது உட்புறம் காப்பானாக இருக்கும்போதே மேற்பரப்பு மட்டும் மின்சாரத்தைக் கடத்தும். அழுக்குப் படிந்தாலும் கீறல் விழுந்தாலும் இந்தக் கடத்தல் எளிதில் அழியாது. இவ்வகை எண்ணங்களுக்கு அடிகோலிய தௌலஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016இல் நோபெல் பரிசு கிடைத்தது. எங்கள் சிறுசேரியில், சிப்காட் வளாகத்தினுள்ளேயே சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. அதனை நிறுவிய சி. எஸ். சேஷாத்ரி (1932-2020) அவர்கள் எம். எஸ். நரசிம்மனுடன் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற தேற்றம் வெக்டர் கற்றைகளைப் பற்றியது. பட்டையின் திருப்பை எண்ணும் கணிதமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. நாள்தோறும் பேருந்தில் அதைக் கடந்து வரும் எனக்கு இது தெரிய இரண்டாண்டு ஆயிற்று.

அமுக்கும்போது சமாரியம் சல்பைடில் நடந்தது என்ன? மேலே இருந்த 5டி கீழே வந்தது. கீழே இருந்த 4எஃப் மேலே போயிற்று. இடைவெளி மூடியபின் வரிசை தலைகீழானது. டி நிலையும் எஃப் நிலையும் எதிரெதிரான சமச்சீர் உடையவை என்பதால் இந்தத் தலைகீழ் மாற்றம் ஒரு திருப்பாகக் கணக்கில் வரும். படிகத்தின் உந்த வெளியில் இது எக்ஸ் எனப்படும் மூன்று புள்ளிகளில் நிகழ்கிறது. மூன்று என்பது ஒற்றைப்படை. இரட்டைப்படையானால் திருப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒற்றைப்படையானால் ஒன்று எஞ்சும். எனவே பொன்னிறச் சமாரியம் சல்பைடு இடத்தியல் பொருளாக இருக்க வேண்டும் என்று கோட்பாட்டாளர் கணித்திருக்கிறார்கள். அதன் உறவினரான சமாரியம் ஹெக்சாபோரைடுக்கும் இத்தகைய கணிப்பு 2010 முதல் உண்டு. அங்கே அமுக்காமலே திருப்பு இருக்கிறது. அமுக்கினால் இடைவெளி மூடி, 10 ஜிகாபாஸ்கலுக்குள் காந்த ஒழுங்கு வந்துவிடுகிறது. 1970இல் ஜெயராமன் பார்த்தபோது 'இடத்தியல் பொருள்' என்ற பெயரே பிறக்கவில்லை.

காந்த ஒழுங்கும் திருப்பும் ஒரே பொருளில் சேர்ந்து இருந்தால் இன்னொரு பயன் கிடைக்கும். மெல்லிய படலத்தின் ஓரத்தில் எலெக்ட்ரான்கள் ஒரே திசையில் மட்டும் ஓடும். யூ-டர்ன் இல்லாத ஒருவழிச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வழியே இல்லையென்றால் மோதிச் சிதறவும் வழியில்லை. சிதறல் இல்லையென்றால் அந்த ஓரத்தில் வெப்பமாக வீணாவதும் இல்லை. இதன் பயன் என்ன என்று எங்கள் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. சிறுசேரியின் தரவு மையங்களில் கணிப்பொறிகள் உண்ணும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற மறுபடியும் மின்சாரம். சாலையின் இப்புறம் எங்கள் தெருவில் மின்வெட்டு வரும் இரவுகளிலும் அப்புறம் குளிரூட்டிகளின் ஓசை கேட்கும்.

மாங்கனீசு பிஸ்மத் டெல்லூரைடு என்பது இவ்வகையில் இயற்கையாகவே காந்தமுள்ள இடத்தியல் காப்பான் என 2019இல் காட்டப்பட்டது. ஏழு அணுத்தளங்கள் சேர்ந்து ஓர் அடுக்கு. அடுக்கின் நடுத்தளத்தில் மாங்கனீசு. ஓர் அடுக்குக்குள் காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம். இந்த ஒழுங்கு சுமார் 25 கெல்வினுக்குக் கீழே நிலவுகிறது. ஐந்து அடுக்கு மட்டுமே கொண்ட படலத்தில், வெளிக் காந்தப்புலம் இல்லாமலே, 1.4 கெல்வினில் ஹால் மின்தடை 25,813 ஓம் என்ற இயற்கை அளவை நெருங்கியதாக 2020இல் அறிவித்தார்கள். பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அது. ஒருவழிச் சாலைக்குச் சான்று அதுவே. ஆனால் 1.4 கெல்வின்! திரவ ஹீலியத்தையும்விடக் குளிர்.

அடுக்குகளுக்கு இடையே உள்ள பிணைப்பு மிக மென்மையானது. அமுக்கினால் முதலில் நெருங்குவது அந்த இடைவெளிதான். நெருங்கினால் அடுக்குகளின் காந்தப் பிணைப்பு வலுக்கும், வெப்பநிலை உயரும் என்றே எவரும் நினைப்பர். சோதனை வேறு சொன்னது. அழுத்தம் கூடக்கூட மின்தடை குறையாமல் முதலில் கூடியது. எதிர்க்காந்த ஒழுங்கு மங்கிக்கொண்டே போய், சுமார் 7 ஜிகாபாஸ்கலில் காணாமற் போயிற்று. அணுக்கள் நெருங்கும்போது காந்தங்களை எதிரெதிராகத் திருப்பும் விசை மட்டும் வளர்வதில்லை. ஒரே பக்கம் திருப்பும் விசையும் வளர்ந்து போட்டியிடுகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். கோபால்ட், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த காந்தப் படிகம் ஒன்று உண்டு. அதன் காந்தம் 177 கெல்வின் வரை நிற்கிறது. அதையும் அமுக்கினால் காந்தம் தளர்கிறது. எனவே அமுக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பொருந்தாது. எந்தப் பொருளில் எந்த இடைவெளி முதலில் நெருங்குகிறது என்பதே கேள்வி.

இந்தச் சோதனைகள் எங்கோ வெளிநாட்டில் மட்டுமே நடப்பவை அல்ல. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயர் அழுத்த ஆய்வு மையம் இருக்கிறது. நம் கடற்கரையோரம் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் வைர அமுக்கி ஆய்வு நடைபெற்றுவருகிறது. காந்தப் பொருளை அளக்கும்போது அமுக்கியே காந்தமாக இருந்துவிடக் கூடாது. ஆகையால் அதனை எஃகால் செய்யாமல் பெரிலியம் கலந்த செம்பால் செய்வர். படிகத்தை எல்லாப் பக்கமும் சமமாக அமுக்க, மெத்தனாலும் எத்தனாலும் நாலுக்கு ஒன்று கலந்த நீர்மத்தை உள்ளே ஊற்றுவர். அது 10 ஜிகாபாஸ்கல் வரை தாங்கும். தலைமுடியைவிட மெல்லிய நான்கு பொற்கம்பிகளை அந்தத் துணுக்கில் ஒட்டி வெளியே கொண்டுவருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

ஆனாலும் ஓர் இடர்ப்பாடு தீரவில்லை. மேற்பரப்பு எலெக்ட்ரான்களை நேரில் காண, ஒளியைப் பாய்ச்சி அவற்றை வெளியேற்றி அளக்க வேண்டும். ஒளி வைரத்துக்குள் புகும். எலெக்ட்ரான் வைரத்தைத் தாண்டி வெளியே வராது. எனவே அழுத்தத்தில் உள்ள பொன்னிறப் படிகத்தின் மேற்பரப்பை இவ்வழியில் பார்க்க இயலாது. இதற்கு ஒரு மாற்று வழி, அமுக்காமலே அமுக்குவது. சமாரியத்தின் இடத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு, உருவில் சிறிய இட்ரியம் அல்லது கடோலினியம் அணுக்களைப் புகுத்தினால், படிகம் தானாகவே சுருங்கிச் சாதாரண அழுத்தத்திலேயே பொன்னாகிவிடுகிறது. வேதி அழுத்தம் என்று இதற்குப் பெயர். கடோலினியம் கலந்த படிகத்தை 1973இல் ஜெயராமன் குழுவினர் குளிர்வித்தபோது, குறிப்பிட்ட வெப்பநிலையில் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளறைக்குத் திரும்பின. அயனிகள் ஒருசேரப் பருத்தன. பொற்படிகம் வெடித்துக் கரும்பொடியாக உதிர்ந்தது.